செத்த ஹார்டு டிஸ்க்கும் பேசும், தெரியுமா?

2003 பிப்ரவரி 1. பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்வெளி ஓடம், அமெரிக்காவின் டெக்சாஸ் வானத்தில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் சிதறிப்போனது. நம் கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் மாண்டார்கள். அந்த நாளை நாம் யாரும் மறக்கவில்லை. ஆனால், அன்று அதே வானத்திலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க்கும் விழுந்தது தெரியுமா? வெறும் 400 எம்பி கொள்ளளவுள்ள சீகேட் டிஸ்க் அது. தீயில் வெந்து, மண்ணில் மோதி, வற்றிப்போன ஒரு நீர்ப்படுகையில் சுமார் 6 மாதம் கிடந்தது. எடுத்தபோது அது கருகிய உலோகக் கட்டி. தூசி உள்ளே போகாமல் காக்கும் சீல் உருகிப்போய், உள்ளே மண் புகுந்திருந்தது.

அதைக் கையில் வாங்கிய ஜான் எட்வர்ட்ஸ், க்ரோல் ஆன்ட்ராக் என்ற மீட்பு நிறுவனத்தின் பொறியாளர். முதல் பார்வையில் அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் உள்ளிருந்த தட்டுகளைப் பிரித்தார், ரசாயனக் கரைசலில் கழுவினார், வேறொரு நல்ல டிஸ்க்கின் உடலுக்குள் பொருத்தினார். சுற்றவிட்டார். 99 சதவீதம் வந்துவிட்டது! விண்வெளியில் செனான் வாயுவை வைத்துச் செய்த ஆய்வின் அளவீடுகள் அதில் இருந்தன. தக்காளி சாஸ் குலுக்கக் குலுக்க இளகுகிறதே, அதைப்போல செனானும் ஒரு குறிப்பிட்ட நிலையில் கலக்கக் கலக்க இளகும் என்று அந்த அளவீடுகள் காட்டின. அந்த ஆய்வுக் கட்டுரை 2008ல் அச்சேறியது.

இதில் என்னை உலுக்குவது இன்னொரு விஷயம். அதே விபத்தில் கிடைத்த வேறு டிஸ்க்குகளிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. இது மட்டும் பிழைத்ததற்கு ஒரு காரணம், அந்த ஆய்வுக் கருவியில் ஓடியது டாஸ் என்ற பழைய இயங்குதளம். டாஸ், தரவைத் தட்டு முழுக்க இறைக்காது. அரிசி மூட்டை அடுக்குவதுபோல ஓர் ஓரத்திலிருந்து வரிசையாக அடுக்கும். டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது. அடிபட்ட இடம் காலியாக இருந்த பாதி!

சரி, நம் வீட்டுக்கு வருவோம். "டிஸ்க் போச்சு" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். அதில் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. ஒன்று, உடல் கெடாமல் வழி மட்டும் தொலைவது. இன்னொன்று, உடலே கெடுவது. முதல் வகையில் நடக்கும் அதிசயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டாஸில் ஒரு ஃபைலை அழித்தால் உண்மையில் எது அழியும் தெரியுமா? அதன் பெயரின் முதல் எழுத்தும், அது எந்தெந்த இடங்களில் தொடர்கிறது என்ற குறிப்பும். அவ்வளவுதான்! பெயர்ப் பட்டியலில் அந்த முதல் எழுத்தை எடுத்துவிட்டு, "இந்த இடம் காலி" என்று பொருள்படும் ஒரு குறியைப் போட்டுவிடும். ஃபைலின் உடம்பில் ஒரு புள்ளிகூட அசையாது. 1982ல் பீட்டர் நார்ட்டன் எழுதிய மீட்பு நிரல் இந்த ரகசியத்தில் நின்றுதான் புகழ்பெற்றது. 1991ல் வந்த எம்எஸ் டாஸ் 5ல் மைக்ரோசாஃப்டே அப்படி ஒரு கட்டளையைக் கொடுத்தது. அது உங்களிடம் கேட்கும் முக்கியமான கேள்வி: "இந்தப் பெயரின் முதல் எழுத்து என்ன?" அந்த ஓர் எழுத்தைத் தட்டினால் செத்த ஃபைல் எழுந்து உட்காரும்.

இன்றைய விண்டோஸும் ஹார்டு டிஸ்க்கில் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், அவசரத்தில் "குயிக் ஃபார்மேட்" அடித்தாலும், போவது முகவரிப் புத்தகம். வீடுகள் அப்படியே நிற்கும். ஊரில் தெருப்பலகையை மட்டும் பிடுங்கிவிட்டால் தபால்காரர் தடுமாறுவார். வீட்டுக்குள் இருப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், இல்லையா?

பலகையே இல்லாத தெருவில் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கதவைப் பார்த்து! ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் அதன் தொடக்கத்தில் மாறாத ஒரு கையெழுத்து இருக்கிறது. ஜிப் ஃபைல் எதுவாக இருந்தாலும் "பி", "கே" என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும். ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் பெயர் முதலெழுத்துகள் அவை. இன்றைய வேர்டு, எக்செல் ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான். ஆக, நீங்கள் நேற்று அடித்த விடுப்புக் கடிதத்தின் வாசலிலும் 2000ம் ஆண்டிலேயே இறந்துபோன அந்த மனிதரின் பெயர் இருக்கிறது! விண்டோஸில் ஓடும் நிரல் ஒவ்வொன்றும் "எம்", "இசட்" என்று தொடங்கும். அது மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகாவ்ஸ்கியின் முதலெழுத்து. பழைய வேர்டு ஃபைலின் முதல் நான்கு பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணில் எழுதினால் டி, 0, சி, எஃப், 1, 1, இ, 0 என்று வரும். பூஜ்ஜியத்தை "ஓ" என்றும், ஒன்றுகளை "ஐ", "எல்" என்றும் எண்ணி, ஆங்கிலத்தில் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், "டாக்ஃபைல்"! பொறியாளர்கள் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்த கைச்சுவடு.

கிறிஸ்டோஃப் க்ரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல் செய்வது இதைத்தான். முகவரிப் புத்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், டிஸ்க்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை நடந்துபோய் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறது. ஒரே ஒரு குறை. பெயர்கள் முகவரிப் புத்தகத்தில் இருந்தவை அல்லவா, அவை வராது. "அக்கா கல்யாணம்" என்று நீங்கள் ஆசையாகப் பெயர் வைத்த படம், வெறும் எண்ணாகத் திரும்பி வரும். வரட்டுமே, முகம் வந்தால் போதும்.

அப்படியானால் ஃபைல் எப்போதுதான் உண்மையிலேயே சாகும்? அதன் மேல் இன்னொன்று எழுதப்படும்போது. பீட்டர் கட்மன் என்பவர் 1996ல் எழுதிய கட்டுரையை வைத்து, 35 தடவை மேலெழுதினால்தான் தடயம் போகும் என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது. அது அந்தக் காலத்துப் பலவகை டிஸ்க்குகளை மொத்தமாக மனத்தில் வைத்துச் சொன்னது. இன்றைய ஹார்டு டிஸ்க்கில் ஒரே ஒரு தடவை மேலெழுதினாலே முடிந்தது கதை. எந்த ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாலும் வராது. இப்போது யோசித்துப் பாருங்கள், நாம் என்ன செய்கிறோம்? படம் அழிந்துவிட்டது என்று பதறி, மீட்பு நிரலை இன்டர்நெட்டில் தேடி, இறக்கி, அதே டிஸ்க்கில் நிறுவுகிறோம். மீட்க வந்த நிரல், மீட்க வேண்டிய படத்தின் மேலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது! இதை எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன். மனசு ஆறவில்லை. தயவுசெய்து அந்தக் கணினியில் அதன்பிறகு எதையும் திறக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பாருங்கள். மீட்டதையும் வேறு டிஸ்க்கில் போடுங்கள்.

சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு, அழித்தது திரும்பி வரும் என்ற ஆறுதல் பெரும்பாலும் கிடையாது. நீங்கள் அழித்ததும் விண்டோஸ், "டிரிம்" என்ற கட்டளையால் எஸ்எஸ்டிக்குத் தகவல் சொல்லிவிடும். அது அடுத்த ஃபைலுக்கு இடம் தயார் செய்ய, அழித்த இடத்தைத் தானாகவே துடைத்து வைத்துவிடும். வேகத்துக்குக் கொடுக்கும் விலை இது. எஸ்எஸ்டியில் அழித்துவிட்டால் கணினியை உடனே நிறுத்துவதைத் தவிர வேறு அவசர சிகிச்சை இல்லை.

இனி உடலுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு மூச்சு முட்டுகிறது!

உலகின் முதல் ஹார்டு டிஸ்க் 1956ல் ஐபிஎம் செய்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை. அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இன்று ஒரே ஒரு நல்ல செல்போன் புகைப்படம் அதை நிரப்பிவிடும். இன்றைய டிஸ்க் உள்ளங்கையில் அடங்குகிறது, அதன் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில், எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓடுகிறது. அந்த வேகத்தில் தட்டுக்கு மேலே படிக்கும் ஹெட் எவ்வளவு உயரத்தில் மிதக்கிறது தெரியுமா? சில நானோமீட்டர்! உங்கள் தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரம் பங்காக்கினால், அதில் ஒரு பங்குக்கும் குறைவு. சிகரெட் புகைத்துகள் அதற்கு முன்னால் மலை. விரலால் தட்டைத் தொட்டால் படியும் எண்ணெய்ப் பிசுக்கு, குறுக்கே எழுப்பிய மதில். அதனால்தான் மீட்பு நிலையங்கள் டிஸ்க்கைத் தூசியில்லா அறையில் மட்டுமே திறக்கின்றன. "உள்ளே என்னதான் ஆச்சுன்னு பாப்போம்" என்று ஸ்க்ரூ டிரைவர் எடுக்கும் கைகளை யாராவது பிடித்து நிறுத்துங்களேன்!

அந்த ஹெட்டை மிதக்க வைப்பது எது? காற்று. தட்டு சுற்றும்போது கூடவே இழுபடும் காற்றுதான் அதன் மெத்தை. அதனால் ஹார்டு டிஸ்க்கின் மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே வடிகட்டி வைத்திருப்பார்கள். "இதை மூடாதீர்கள்" என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். காற்று மெலிந்தால் மெத்தையும் மெலியும். ஆகவே சாதாரண டிஸ்க்குகளைச் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சியில் நின்று லேப்டாப் திறக்கலாம், பயமில்லை. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரத்தில் அது வரம்பு மீறல்! 2013ல் ஹீலியம் அடைத்து முழுவதும் மூடிய டிஸ்க்குகள் சந்தைக்கு வந்தன. ஹீலியம் காற்றைவிட ஏழில் ஒரு பங்குதான் கனம்; தட்டுகளுக்கு உராய்வு குறைவு, ஒரே பெட்டிக்குள் 7 தட்டு அடுக்கினார்கள். அவற்றில் ஓட்டையே கிடையாது.

இவ்வளவு நுட்பமான உடம்புக்குக் காதும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 2008ன் கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன்னால் குனிந்து வாய்விட்டுக் கத்தினார். திரையில் வரைபடம் சட்டென்று எகிறியது. கத்தலின் அதிர்வில் டிஸ்க்குகள் தடுமாறி வேகம் குறைந்துவிட்டன! அந்த வீடியோ இன்றும் யூடியூபில் இருக்கிறது, அவசியம் பாருங்கள். 2016 செப்டம்பரில் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் ஒரு வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. தீயை அணைக்க வாயு பீய்ச்சியடித்த சத்தம் 130 டெசிபெல்லைத் தாண்டியது. தீ இல்லை, தண்ணீர் இல்லை, வெறும் சத்தத்தில் ஏராளமான ஹார்டு டிஸ்க்குகள் பழுதாகி, வங்கிச் சேவை மணிக்கணக்கில் நின்றது. இதையும் கேளுங்கள்: ஜேனட் ஜாக்சனின் "ரிதம் நேஷன்" பாட்டை ஓடவிட்டால் சில பழைய லேப்டாப்புகள் நின்றுபோயின என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2022ல் எழுதினார். பாட்டிலிருந்த ஓர் அதிர்வெண், அந்த 5,400 சுற்று டிஸ்க்குகளின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனது. பக்கத்து மேசையில் பாட்டு ஓடினால் இந்த மேசை லேப்டாப் விழுந்ததாம்!

டிஸ்க் நம்மிடம் பேசவும் செய்யும். "டக்... டக்... டக்" என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால், ஹெட் தன் இடத்தைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, திரும்பிப்போய் மறுபடி தேடுகிறது என்று பொருள். ஒவ்வொரு "டக்"கிலும் ஹெட் தட்டைக் கீறும் அபாயம் இருக்கிறது. தட்டில் உங்கள் படங்கள் தூள் தூளாக உதிரலாம். அந்தத் தாளம் கேட்ட கணமே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் உயிர்வரும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெளியே எடுத்ததும் தட்டில் பனித்துளி படியும். சில நானோமீட்டர் இடைவெளியில் ஒரு துளி நீர் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

தண்ணீர் என்றதும் 2015 டிசம்பர் ஞாபகம் வருகிறது. சென்னையில் வெள்ளம் வடிந்த வாரம், மேசைக்கணினிகளை மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்த வீடுகள் எத்தனை! ஹேர் டிரையர் பிடித்தவர்களும் உண்டு. அது சரியான வழி இல்லை தெரியுமா? நனைந்த டிஸ்க்கைக் காயவிடக் கூடாது! சேற்றுநீர் காய்ந்தால் அதிலுள்ள உப்பும் மண்ணும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெயர்க்க முடியாது. ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, மின்சாரமே காட்டாமல், மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவும் வேலை அவர்களுடையது.

டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு கருகிவிட்டது, அதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஒரு போர்டைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. 90களில் பலிக்கும். அதன்பின் வந்த டிஸ்க்குகள் ஒவ்வொன்றும் தொழிற்சாலையிலேயே தனித்தனியாகச் சுருதி சேர்க்கப்பட்டவை. இந்த ஹெட்டுக்கு இவ்வளவு மின்னோட்டம், இந்தத் தட்டுக்கு இவ்வளவு திருத்தம் என்ற கணக்கு, பெரும்பாலும் போர்டிலுள்ள எட்டுக்கால் சிப் ஒன்றில் இருக்கும். அந்தச் சிப்பைச் சூடுகாட்டிப் பெயர்த்துப் புது போர்டில் ஒட்டினால்தான் டிஸ்க் தன் போர்டை அடையாளம் காணும். தொழிற்சாலை என்றதும் இன்னொன்று: புத்தம்புது டிஸ்க்கிலும் பேட் செக்டர், அதாவது கெட்ட இடம், இருக்கும் என்பது தெரியுமா? தொழிற்சாலைச் சோதனையில் தேறாத இடங்களை எல்லாம் ஒரு ரகசியப் பட்டியலில் குறித்து மூடிவைத்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள்.

நோய் வருமுன் டிஸ்க் எச்சரிக்குமே என்று இருந்துவிடாதீர்கள். கூகுள் 2007ல் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தது. கெட்டுப்போனவற்றில் 36 சதவீதத்துக்கு மேல், வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால் எந்த அளவீட்டிலும் ஓர் எச்சரிக்கைகூடக் காட்டாமல் போய்ச்சேர்ந்தவை!

எங்கள் வீட்டு டிஸ்க்கும் அப்படித்தான் போனது. அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 2004ல் உட்கார்ந்து தன் ஊர்க் கதையை இரண்டு விரலால் தட்டித்தட்டி அடித்தார். 40 ஜிபி டிஸ்க். 2009ல் அப்பா போய்விட்டார். 2013ல் ஒருநாள் கணினி கறுப்புத் திரையோடு நின்றது. பதற்றத்தில் ஏழெட்டுத் தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அதன் உயிரில் கொஞ்சம் குடித்தேன் என்பது அப்போது தெரியாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த தம்பி டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்து, காதோரம் ஒட்டிவைத்து, கண்ணை மூடிக் கேட்டார். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்த மாதிரி. மூன்றே நொடி. உடனே கேபிளைப் பிடுங்கினார்.

"அண்ணே, ஹெட் இன்னும் இருக்கு. தட்டுதான் அங்கங்க போயிருக்கு. இனிமே நீங்க ஆன் பண்ணாதீங்க. ஒரே ஒரு தடவ நான் ஆன் பண்ணிக்கிறேன், அதுலயே எடுத்துடுவோம்."

அவர் ஓட்டியது டிடிரெஸ்க்யூ. இதுவும் இலவச நிரல்தான், அன்டோனியோ டயஸ் டயஸ் எழுதியது. அதன் புத்தியை நான் இன்றுவரை வியக்கிறேன். சாதாரணமாகக் காப்பி எடுத்தால், கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டி முட்டி டிஸ்க்கைக் கொன்றுவிடும். இது அப்படிச் செய்யாது. கெட்ட இடம் வந்தால் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தாண்டிக் குதிக்கிறது. முதலில் நல்லதை எல்லாம் அள்ளிக்கொள்கிறது. அப்புறம் திரும்பி வந்து ஓரங்களைச் சுரண்டுகிறது. கடைசியில்தான் மிகக் கெட்ட இடத்தில் கைவைக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். வெறும் 40 ஜிபிக்கு மூன்று நாள் ஆனது. ஃபைல்களை அந்த நகலிலிருந்துதான் தேடி எடுத்தார்கள். மூல டிஸ்க்கை அதன்பின் யாரும் தொடவில்லை. அந்தத் தம்பியின் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பேக்கப் இருந்தால் இந்தப் பாடே இல்லை என்பீர்கள். இருந்தும் இல்லாமல் போவது உண்டே! "டாய் ஸ்டோரி 2" படம் 1998ல் பிக்ஸாரில் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தட்டிய ஓர் அழிப்புக் கட்டளை, படத்தின் ஃபைல்களை மொத்தமாகத் தின்னத் தொடங்கியது. திரையில் படத்தின் நாயகப் பொம்மை உட்டியின் தொப்பி காணாமல் போனது, அப்புறம் பூட்ஸ், அப்புறம் உட்டியே இல்லை! படக்குழுவிலிருந்த ஓரென் ஜேக்கப் ஃபோனில் கத்தி, கணினியின் இணைப்பைப் பிடுங்கச் சொன்னார். அதற்குள் படத்தின் 90 சதவீதம் போய்விட்டது. பேக்கப்பைத் திறந்தால், அது பல நாளாகச் சரியாகவே பதிவாகவில்லை. படத்தைக் காப்பாற்றியது ஒரு குழந்தை! அதே குழுவின் கேலின் சஸ்மன் குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்ததால், அவர் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின் இருக்கையில் பெல்ட் போட்டு, பச்சைப் பிள்ளையைப் போலக் கொண்டுவந்தார்கள். 2017ல் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் நள்ளிரவுக் களைப்பில், தவறான சர்வரில் சுமார் 300 ஜிபியை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் வைத்திருந்தார்கள், ஐந்தும் நம்பும்படி வேலை செய்யவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் யாரோ கையால் எடுத்துவைத்த நகல் ஒன்றுதான் கைகொடுத்தது. உங்கள் பேக்கப் டிஸ்க்கை இன்று எடுத்து அதிலிருந்து ஒரே ஒரு படத்தைத் திறந்து பார்த்துவிடுங்களேன்.

படம், கடிதம் எல்லாம் சரி, மென்பொருள்? டிஸ்க்கோடு விண்டோஸும் போய்விட்டதே, மறுபடி காசு கொடுக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, கடையிலேயே விண்டோஸ் போட்டு வந்த கணினிகளின் சாவி டிஸ்க்கில் இல்லை. மதர்போர்டிலுள்ள சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது! புது டிஸ்க் மாட்டி அதே வகை விண்டோஸைப் போட்டால், அது தானாகவே சாவியைத் தேடி எடுத்துக்கொள்ளும். ஆனால் பழைய நகலிலிருந்து நிரல் ஃபோல்டரை அள்ளி வந்து வைத்தால் பெரும்பாலானவை ஓடாது. நிரல் தன் வேர்களை விண்டோஸின் பதிவேட்டில் ஓடவிட்டிருக்கும், ஃபோல்டர் என்பது மேலே தெரியும் செடி மட்டும். நிரலைப் புதிதாக நிறுவுங்கள். தரவை மட்டும் மீட்டுவாருங்கள். கடை வைத்திருப்பவர்களே, கணக்கு மென்பொருளான டேலியின் தரவு ஃபோல்டருக்குள் வெறும் எண் பெயரில் ஃபோல்டர்கள் இருக்கும். உங்கள் வரவுசெலவு முழுக்க அதற்குள்தான்! அது கிடைத்துவிட்டால் புதிய டேலியில் வைத்து, விட்ட பில்லிலிருந்து தொடரலாம்.

புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று, எல்லாம் நன்றாக ஓடும் இன்றைக்கே பார்த்துக் குறித்துவையுங்கள்.

இன்னொரு மென்பொருள் இருக்கிறது. அதை மென்பொருள் என்றே நாம் நினைப்பதில்லை. எழுத்துரு!

அப்பாவின் டிஸ்க் நகலிலிருந்து 31 வேர்டு ஃபைல்கள் வந்தன, எல்லாம் பெயர் இழந்து எண்ணாகத்தான். நடுங்கும் கையோடு முதல் ஃபைலைத் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. மறுபடி ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஃபைல் சிதைந்துவிட்டது என்று நெஞ்சு அடைத்தது. மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியைத் தற்செயலாகப் பார்த்தேன். பாமினி! என் கணினியில் அந்த எழுத்துருவே இல்லை. ஆனால் அப்பா எதில் அடித்தார் என்பதை ஃபைல் ஒன்பது வருடமாக ஞாபகம் வைத்திருந்தது.

எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவுமுன் நம் தமிழ் இப்படித்தான் வாழ்ந்தது தெரியுமா? கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டு ஏமாற்றினோம். பாமினியில் ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்றால் இகரக் கொக்கி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. ஜேகேபிஓ அரைப்புள்ளி என்று நான் குப்பையாகப் பார்த்தது "தமிழ்" என்ற சொல்! டிஸ்க்கோடு போனது முகமூடி மட்டும். ஆசிரியர்கள் பாமினியில் அடித்த வினாத்தாள்களும், டிடிபி கடைகள் அச்சுக்கு அனுப்பிய புத்தகங்களும், இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் வந்த சிற்றிதழ்களும் இன்றும் இப்படிக் குப்பை வேடத்தில் பழைய டிஸ்க்குகளில் கிடக்கின்றன. குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்! என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற இலவச மாற்றிகள் ஒரே சொடுக்கில் யூனிகோடு ஆக்கித்தரும்.

ஆனால் நான் மாற்றியில் போடுவதற்கு முன் முதல் வரியை விரல் வைத்து எழுத்து எழுத்தாக நானே கூட்டிப் படித்தேன். எம். கே. அரைப்புள்ளி. கே. எச். எம் என்றால் அ. கேயும் அரைப்புள்ளியும் ம். கேயும் எச்சும் மா. அப்பா தன் ஊர்க் கதையை, கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பாட்டியைப் பின்னாலிருந்து கூப்பிடும் குரலில்தான் தொடங்கியிருந்தார்.